உரம் போடப் போடக் கொழுந்து வெளுக்குது: வேலூர் போர் தண்ணியில் தொட்டிச் செடிகள்

சத்துவாச்சாரி_பால்கனி:

எல்லாருக்கும் வணக்கம். சத்துவாச்சாரியில் இரண்டாவது மாடி ஃபிளாட். பால்கனியில் கறிவேப்பிலை, செம்பருத்தி, ஒரு எலுமிச்சை. வெயில் வராத உள்ளறையில் எல்இடி விளக்கு போட்டு மிளகாய், தக்காளி, திருநீற்றுப்பச்சிலை வளர்க்கிறேன். பிரச்சினை எல்லாத்திலயும் ஒரே மாதிரி இருக்கு. புதுசா வர்ற இலை மஞ்சளா வருது, நரம்பு மட்டும் பச்சையா வலை போட்ட மாதிரி தெரியுது. மிளகாயில் கடைசியா வந்த கொழுந்து கிட்டத்தட்ட வெள்ளை. கீழ் இலைகள் பச்சையாத்தான் இருக்கு, ஆனா ஓரம் கருகுது.

மண் கலவை: செம்மண், தேங்காய் நார்க்கழிவு, மண்புழு உரம் சம அளவு. வாரம் ஒரு முறை 19:19:19 உரம் (நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாஷ் சம அளவு). முட்டை ஓட்டுத் தூளும் அடுப்புச் சாம்பலும் மாசம் ஒரு கைப்பிடி. மஞ்சளைப் பார்த்துட்டு எப்சம் உப்பு (மக்னீசியம் சல்பேட்) ஊத்தினேன், பிறகு உரக்கடையில் கொடுத்த இரும்புச்சத்துப் பொடியும் போட்டேன். எதுவும் கேட்கலை. தண்ணி அபார்ட்மென்ட் போர் தண்ணி. ஆர்ஓ மெஷின்ல இருந்து வெளியேறுற தண்ணியை வீணாக்க வேண்டாம்னு அதையும் ஊத்துறேன். மண்ணில் குத்துற மீட்டர் பிஎச் (புளிப்பு-கார அளவு) 7 காட்டுது. இதுக்கு மேல என்ன சத்து கொடுக்கணும்?

பச்சைவிரல்_தொரப்பாடி:

மஞ்சள்னா நைட்ரஜன் பத்தலை. கடலைப் பிண்ணாக்கை மூணு நாள் புளிக்க வச்சு பத்து மடங்கு தண்ணி கலந்து ஊத்துங்க சகோதரி. ஒரே வாரத்துல பச்சை திரும்பிடும்.

மண்வாசனை_காட்பாடி:

தொரப்பாடி நண்பரே, நைட்ரஜன் குறைஞ்சா கீழ் இலைதான் முதல்ல மஞ்சளாகும், அதுவும் நரம்பு உட்பட முழுசா. செடி தன் பழைய இலையில் இருக்கிற நைட்ரஜனை உருவி கொழுந்துக்கு அனுப்பும். மக்னீசியம், பொட்டாஷ், மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) அப்படி நகரக்கூடியதுதான், அதனால குறை கீழ் இலையில் தெரியும். இரும்பு, மாங்கனீசு, சுண்ணாம்புச்சத்து ஒரு இலைக்குள் போய்ட்டா அங்கிருந்து கிளம்பாது. துத்தநாகமும் பெரிசா நகராது. இந்த வகைக் குறையெல்லாம் கொழுந்தில்தான் முகம் காட்டும். சகோதரி சொல்றது கொழுந்தில் நரம்பிடை மஞ்சள். இது இரும்பு. எப்சம் உப்பு கேட்காததுக்கும் காரணம் அதுதான், மக்னீசியம் குறைஞ்சிருந்தா கீழ் இலை நரம்பிடையில் வெளுத்திருக்கும்.

ஆனா இரும்பு மண்ணில் இல்லைன்னு அர்த்தம் இல்லை. நம்ம செம்மண்ணுக்குச் சிவப்பு நிறமே இரும்பு ஆக்சைடால வர்றது. தொட்டியில் செடி ஆயுசுக்கும் தின்னாலும் தீராத இரும்பு இருக்கு. அது கரையலை, அவ்வளவுதான். பிஎச் 7.5 தாண்டினா இரும்பு, மாங்கனீசு, துத்தநாகம், தாமிரம் எல்லாம் மண்ணோட இறுகிடும். வேர் பக்கத்திலேயே இருந்தும் எடுக்க முடியாது.

அந்தக் குத்துற மீட்டரை நம்பாதீங்க. மண் ஈரம், எவ்வளவு அழுத்திக் குத்தினோம்ங்கிறதுக்கு ஏத்த மாதிரி அது ஒரு எண் காட்டும். மூணு சோதனை செஞ்சுட்டு வாங்க.

காய்ந்த தொட்டி மண் 20 கிராம், ஏசியில் சொட்டுற தண்ணியோ ஆர்ஓ நல்ல தண்ணியோ 50 மில்லி. அரை மணி நேரம் அப்பப்போ கலக்கி, தெளிய விட்டு, பேனா மாதிரி வர்ற பிஎச் மீட்டரை விட்டுப் பாருங்க. அதுக்கு முன்னாடி பிஎச் 4, 7னு அளவு தெரிஞ்ச பஃபர் கரைசல்ல மீட்டரைச் சரிபார்க்கணும். இந்தப் படியைத் தாண்டிட்டா எடுக்கிற அளவு எதுக்கும் உதவாது.

அடுத்தது, ஒரு ஸ்பூன் காய்ந்த மண்ணில் வினிகர் விடுங்க. பொங்கி நுரைச்சா மண்ணில் சுண்ணாம்பு கிடக்குது. கடைசியா போர் தண்ணி, ஆர்ஓ நல்ல தண்ணி, ஆர்ஓ கழிவுத் தண்ணி மூணுக்கும் டிடிஎஸ் (கரைஞ்சிருக்கிற உப்போட அளவு) பாருங்க. அதுவரைக்கும் எந்த உரமும் வேண்டாம்.

ஆணைக்கட்டு_முள்ளுகத்திரி:

இன்னாமா, எங்க ஊர்ப் பக்கம் வேர்க்கடலையில வருஷா வருஷம் பாக்குறது இதான். சுண்ணாம்புக்கல்லு கீற நெலத்துல விதைச்சா இருபது இருபத்தஞ்சு நாள்ல பயிர் வெளுத்துக்கினு நிக்கும். யூரியா வெச்சாக்கூட தேறாது. அன்னபேதியை, அதான் இரும்பு சல்பேட்டை, கரைச்சி இலை மேல அடிச்சா ஒரு வாரத்துல பச்சை கட்டும். மண்ணுல கொட்டுனா காசு தண்டம், கொட்டுன மறுநாளே துருவா மாறிப் பூடும். லிட்டருக்கு அஞ்சு கிராம் வயலுக்கு. தொட்டிச் செடிக்கு அவ்ளோ வேணாம், ரெண்டு மூணு கிராம் போதும். கூட ஒரு கிராம் சிட்ரிக் ஆசிட் போடு, தண்ணி கலங்காம இருக்கும். வெயில் தாழ அடி. டைல்ஸ் மேல சொட்ட வுடாத, துருக் கறை போவாது.

ஆனா ஒண்ணு, இலைக்கு அடிக்கிறது அந்த இலைக்குத்தான். அப்பால வர்ற கொழுந்து மறுபடி வெளுக்கும், வேருக்கு வழி பண்ணாத வரைக்கும்.

சத்துவாச்சாரி_பால்கனி:

அண்ணா, சோதனை முடிச்சுட்டேன்.

மிளகாய்த் தொட்டி மண் பிஎச் 8.2, கறிவேப்பிலை 8.3, விதைக்கு வச்சிருந்த புதுக் கலவை 7.1. வினிகர் விட்டதும் மிளகாய்த் தொட்டி மண் நல்லா நுரைச்சது, புதுக் கலவையில் ஒண்ணும் இல்லை. போர் தண்ணி டிடிஎஸ் 1180, ஆர்ஓ நல்ல தண்ணி 60, கழிவுத் தண்ணி 1740. போர் தண்ணி பிஎச் 7.6.

புரியாத விஷயம் இதுதான். தண்ணி பிஎச் 7.6, கலவை 7.1. இரண்டும் சேர்ந்து எப்படி 8.2 ஆகும்?

மண்வாசனை_காட்பாடி:

இந்த இழையில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான், கேட்டதுக்கு நன்றி. தண்ணியோட பிஎச்சை மட்டும் பார்க்கிறதால நம்ம ஊர் மாடித்தோட்டக்காரங்க பாதிப் பேர் உரத்துக்குக் காசு அழுறாங்க.

தண்ணியில் பார்க்க வேண்டியது பைகார்பனேட். போர் தண்ணி பாறை இடுக்கில் கிடக்கும்போது கால்சியம் பைகார்பனேட்டைக் கரைச்சுக்கிட்டு வரும். தண்ணியோட கரியமில வாயுவும் கரைஞ்சிருக்கிறதால பிஎச் 7.6ன்னு சாந்தமாத் தெரியும். தொட்டியில் ஊத்தினதும் அந்த வாயு பறந்துடும், தண்ணியைச் செடி குடிச்சிடும், மிச்சம் சுண்ணாம்பாப் படியும். வீட்டு கெட்டிலின் அடியில், ஷவர் துளையில் வெள்ளையாக் கட்டுது பாருங்க, அதே சமாச்சாரம்தான் தொட்டி விளிம்பிலும் மண்ணுக்குள்ளும் நடக்குது.

ஒரு கணக்கு போடுவோம். லிட்டருக்கு 300 மில்லிகிராம் பைகார்பனேட் இருக்கிற தண்ணின்னு வச்சுக்குங்க. முழுசாப் படிஞ்சா லிட்டருக்கு ஏறக்குறைய கால் கிராம் சுண்ணாம்பு. தினம் அரை லிட்டர் ஊத்தினா வருஷத்துக்கு ஒரு தொட்டிக்கு 45 கிராம். அதுக்கு மேல முட்டை ஓடு, அது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்தான். அடுப்புச் சாம்பலோட பிஎச் 10 தாண்டும். கழிவுத் தண்ணியில் அதே உப்பும் பைகார்பனேட்டும் ஒன்றரை மடங்காச் செறிஞ்சு வருது, உங்க எண்ணே சொல்லுது. நுரை ஏன் வந்தது, பிஎச் 8.2ல் ஏன் நிக்குதுன்னு இப்போ தெரிஞ்சிருக்கும். மண்ணில் சுண்ணாம்பு இருக்கிற வரை பிஎச் அந்த 8.2 பக்கத்திலேயேதான் நிலைச்சு நிக்கும். கொஞ்சம் அமிலம் ஊத்தினாலும் சுண்ணாம்பு அதை விழுங்கிட்டு பழைய இடத்துக்கு வந்துடும்.

வெளிநாட்டில் விளக்குக்கு அடியில் வளர்க்கிறவங்க எழுதுற குறிப்புகளில் சுண்ணாம்பு, டோலமைட் சேர்க்கச் சொல்லியிருப்பாங்க. அவங்க கலவை பீட் பாசி, பிஎச் 4 அளவுக்குப் புளிப்பு, அவங்களுக்கு அது தேவை. நம்ம ஊர் தண்ணியே சுண்ணாம்பைக் கொண்டுவருது. தயவுசெய்து அந்த அட்டவணைகளை அப்படியே எடுத்துக்காதீங்க.

மேல்விஷாரம்_ரோஜா:

ஒரு சந்தேகம் சார். எங்க பக்கம் தண்ணி டிடிஎஸ் 2500க்கு மேல. தோல் தொழிற்சாலைக் கழிவால வந்த உப்புன்னு அப்பா சொல்லுவார். அதுவும் இதே பைகார்பனேட் கதைதானா? சிட்ரிக் ஆசிட் போட்டா சரியாகுமா?

மண்வாசனை_காட்பாடி:

இல்லைம்மா, இரண்டும் வேற. பதனிடுறதுக்கு முன்னாடி தோல் கெடாம இருக்க சாப்பாட்டு உப்பைத்தான் மூட்டை மூட்டையாப் போடுவாங்க, அதைக் கழுவுற தண்ணியில் சோடியமும் குளோரைடும் மிஞ்சும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னதே பாலாற்றுப் படுகையில் இந்தக் கழிவு கலந்ததுக்காகத்தான். மாசு செய்தவரே ஈடு கொடுக்கணும்ங்கிற கொள்கையை நம்ம நாட்டுச் சட்டத்தின் பகுதின்னு ஏத்துக்கிட்ட தீர்ப்பு அது. நிலத்தடியில் இறங்கின உப்பு லேசுல போகாது.

சிட்ரிக் அமிலம் பைகார்பனேட்டை உடைக்கும், சோடியத்தையும் குளோரைடையும் தொடக்கூட முடியாது. உப்புத் தண்ணியின் அடையாளம் இலை நுனியும் ஓரமும் கருகுறது, மண் ஈரமா இருந்தும் செடி வாடுறது. பாசன நீருக்கு டிடிஎஸ் 450 வரை கவலை இல்லை, 2000 தாண்டினா கடுமையான கட்டுப்பாடு தேவைன்னு பொதுவான அளவுகோல். 2500ல் ரோஜா கஷ்டம்தான். மழைத் தண்ணி, குழாயில் வர்ற காவிரித் தண்ணி, ஏசித் தண்ணி இதில் ஏதாவது கலந்து உப்பைக் குறைச்சே ஆகணும். வீட்டில் உப்புக் கொட்டி ஓடுற சாஃப்ட்னர் இருந்தா அந்தத் தண்ணி செடிக்கு வேண்டவே வேண்டாம், அது கால்சியத்தை எடுத்துட்டு சோடியத்தை வச்சுடும்.

சத்துவாச்சாரி சகோதரிக்கு இரண்டு பிரச்சினையும் இருக்கு. கொழுந்து வெளுப்பு பைகார்பனேட்டால. கீழ் இலை ஓரம் கருகல் பெரும்பாலும் உப்புத் தேக்கத்தால. 1740 தண்ணியும் வாராவாரம் 19:19:19ம் சேர்ந்த உப்பு. அந்த உரத்தில் இருக்கிற மணிச்சத்து கூடிப் போனாலும் இரும்பையும் துத்தநாகத்தையும் இன்னும் இறுக்கும்.

இயற்கை_குடியாத்தம்:

ரசாயனமே இல்லாமச் சொல்லலாமே. எங்க பாட்டி காலத்துல இருந்து கறிவேப்பிலைக்குப் புளிச்ச மோர்தான் ஊத்துறோம். இலை கருகருன்னு வரும். துருப்பிடிச்ச ஆணி நாலு புதைச்சா இரும்புச்சத்தும் ஆச்சு. மீன் அமிலம், பஞ்சகவ்யா எல்லாம் இருக்க எதுக்கு ஆசிட்?

மண்வாசனை_காட்பாடி:

குடியாத்தம் அண்ணா, மோர் விஷயத்தில் உங்க பாட்டி சொன்னது சரி, ஒத்துக்கிறேன். லாக்டிக் அமிலம் வேரைச் சுத்தி கொஞ்ச நேரம் புளிப்பாக்கும், அந்த இடைவெளியில் இரும்பு கரையும். தரையில் நட்ட மரத்துக்கு, கிணத்துத் தண்ணி நல்லா இருந்த காலத்தில் அதுவே போதுமாயிருந்தது. 10 லிட்டர் தொட்டியில் 45 கிராம் சுண்ணாம்புக்கு எதிரா ஒரு டம்ளர் மோர் நிக்காது. அடிக்கடி ஊத்தினா உள்ளறையில் வாடையும் கொசு மாதிரி பூச்சியும் வரும்.

ஆணி மட்டும் எனக்கு ஒத்துவரலை. துருங்கிறது செம்மண்ணில் ஏற்கெனவே கிடக்கிற அதே இரும்பு ஆக்சைடு. கரையாத இரும்போட இன்னும் கொஞ்சம் கரையாத இரும்பைச் சேர்க்கிறோம். சிட்ரிக் அமிலம் எலுமிச்சையில் இருக்கிறதுதான், மண்ணில் நுண்ணுயிர்களுக்கு உணவாகிக் கரைஞ்சு போயிடும். அதை ரசாயனம்னு ஒதுக்க வேண்டியதில்லை. பஞ்சகவ்யா 3 சதவீதம் தெளிக்கிறதை நானும் செய்றேன், வேருக்கு நல்லது.

இயற்கை_குடியாத்தம்:

ஆணி பத்தி யோசிக்கிறேன் தம்பி. மோரை விடுறதா இல்லை.

சத்துவாச்சாரி_பால்கனி:

அப்போ நான் போட்ட இரும்புப் பொடி ஏன் வேலை செய்யலை? பாக்கெட்டில் ‘கீலேட்’னு போட்டிருந்தது. என்ன வரிசையில் செய்யணும்னும் சொல்லுங்க அண்ணா.

மண்வாசனை_காட்பாடி:

கீலேட்னா இரும்பு மண்ணோட இறுகாமப் பிடிச்சு வச்சிருக்கிற சேர்மம். அதில் மூணு ரகம். ஈடிடிஏ மஞ்சள் பொடி, உரக்கடையில் சாதாரணமாக் கிடைக்கிறது. பிஎச் 6.5 வரைக்கும் இரும்பைப் பிடிச்சு வச்சிருக்கும், அதுக்கு மேல கை நழுவ விட்டுட்டு கால்சியத்தைப் பிடிச்சுக்கும். உங்க 8.2ல் அது ஊத்தின அன்னைக்கே முடிஞ்சிருக்கும். டிடிபிஏ 7, 7.5 வரை தாங்கும். ஈடிடிஎச்ஏ 9 வரைக்கும் விடாது. கருஞ்சிவப்புக் குருணையா இருக்கும், கரைச்சா தண்ணி சிவப்பா ஓடும், பாக்கெட்டில் ஆர்த்தோ-ஆர்த்தோ அளவு 4.8 சதவீதம்னு போட்டிருந்தா நல்ல தரம். விலை அதிகம், ஆனா 10 லிட்டர் தொட்டிக்கு 1 கிராம் போதும். கரைச்சதை வெயிலில் வைக்காதீங்க, வெளிச்சத்தில் கீலேட் சிதையும்.

வரிசைன்னு கேட்டீங்க. முதல்ல முட்டை ஓடு, சாம்பல், ஆர்ஓ கழிவு, 19:19:19 நாலையும் நிறுத்துங்க. பிறகு தொட்டியைக் கழுவணும். தொட்டி கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு தண்ணி, மெதுவா, அடியில் ஓடி வெளியேறுற மாதிரி. இதுக்குப் போர் தண்ணி உதவாது, காவிரித் தண்ணியோ மழைத் தண்ணியோ பிடிச்சு வச்சுச் செய்ங்க. இது உப்பைக் கழுவும். சுண்ணாம்பு இப்படிக் கழுவினாலும் போகாது.

அன்றாடத் தண்ணிக்கு பாதி போர், பாதி ஆர்ஓ நல்ல தண்ணி. டிடிஎஸ் 600 பக்கம் வரும், பைகார்பனேட்டும் பாதியாகும். ஆர்ஓ தண்ணி அவ்வளவு இல்லைன்னா போர் தண்ணியில் சிட்ரிக் ஆசிட். மளிகைக் கடையில் கிடைக்கிற அதே பொடி, 15 லிட்டர் பக்கெட்டுக்கு 4, 5 கிராம், சுமார் ஒரு டீஸ்பூன். கலக்கி கொஞ்ச நேரம் விட்டு பிஎச் பார்த்தா 6, 6.5க்குள் இருக்கணும். உங்க தண்ணிக்கு எவ்வளவுன்னு மீட்டர்தான் முடிவு சொல்லும், அதனால கொஞ்சம் கொஞ்சமாப் போட்டுப் பாருங்க. சாயங்காலம் ஈடிடிஎச்ஏ கரைசலை வேரில் விட்டு, அவசரத்துக்கு அன்னபேதித் தெளிப்பு ஆணைக்கட்டு அண்ணா சொன்ன அளவில்.

கந்தகத் தூள் போடலாமான்னு அடுத்து யாராவது கேட்பீங்க. மண்ணில் இருக்கிற பாக்டீரியா அதைக் கந்தக அமிலமா மாத்தினாத்தான் பிஎச் இறங்கும், வாரங்கள் மாசங்கள் ஆகும். சுண்ணாம்பு நுரைக்கிற தொட்டியில் அந்த அமிலமும் சுண்ணாம்பை அழிக்கவே செலவாகும். அவ்வளவு முத்தின தொட்டிக்கு கலவையை மாத்திடுறது மேல். ஜிப்சம் சோடிய மண்ணுக்கான மருந்து, சுண்ணாம்பு மண்ணோட பிஎச்சை இறக்காது.

புதுக் கலவையில் நார்க்கழிவைச் சும்மா ஊற வச்சுப் போடாதீங்க. அதில் பொட்டாசியம், சோடியம் உப்பு இருக்கும், இரண்டு மூணு தடவை அலசிப் பிழிஞ்சுட்டுக் கலங்க.

விளக்குத்தோட்டம்_பாகாயம்:

உள்ளறைச் செடிக்கு ஒரு விஷயம் சேர்க்கிறேன். நானும் எல்இடியில்தான் வளர்க்கிறேன். விளக்கு ரொம்பக் கிட்ட இருந்தாலும் உச்சி இலை வெளுக்கும், ஆனா அப்போ நரம்பும் சேர்ந்து வெளுக்கும், விளக்குக்கு நேர் கீழே இருக்கிற இலை மட்டும். நரம்பு பச்சையா நின்னா அது இரும்பு. இந்த வித்தியாசத்தைப் பாருங்க அக்கா.

இன்னொண்ணு, உள்ளே காத்தும் வெயிலும் குறைவு, தண்ணி காய்ற வேகமும் குறைவு. பால்கனிச் செடிக்கு ஊத்துற அளவையே ஊத்தினா நார்க்கழிவு சொதசொதன்னு நிக்கும். வேருக்குக் காத்து இல்லைன்னா பிஎச் 6.5ல் இருந்தாக்கூட இரும்பை எடுக்காது. தொட்டியைத் தூக்கிப் பார்த்து கனம் குறைஞ்சா மட்டும் ஊத்துங்க. சின்ன ஃபேன் ஒண்ணு ஓடட்டும்.

சத்துவாச்சாரி_பால்கனி:

நிலவரம் சொல்ல வந்தேன். மிளகாய், தக்காளி, திருநீற்றுப்பச்சிலை மூணையும் புதுக் கலவைக்கு மாத்திட்டேன். பாதிக்குப் பாதித் தண்ணிதான் ஊத்துறேன். ஈடிடிஎச்ஏ ஊத்தின அடுத்த வாரத்தில் வந்த கொழுந்து பச்சையா இருக்கு, மிளகாய் பூ வச்சிருக்கு. ஏற்கெனவே வெள்ளையான இலை முழுசாத் திரும்பலை. செம்பருத்தி தேறுது, கறிவேப்பிலை மெதுவா வருது. மண் பிஎச் புதுத் தொட்டிகளில் 6.8.

எலுமிச்சை மட்டும் அப்படியே இருக்கு. புது இலை சின்னதா, குறுகலா, கிளை நுனியில் கொத்தா நிக்குது. மஞ்சள் திட்டுத் திட்டா இருக்கு.

மண்வாசனை_காட்பாடி:

நல்ல செய்தி சகோதரி. ரொம்ப வெளுத்த இலை திரும்பாட்டி கவலைப்படாதீங்க, புது இலையை வச்சே முடிவு பண்ணுங்க. கறிவேப்பிலையைக் கவாத்து பண்ணி விட்டா புதுத் துளிர் வேகமா வரும்.

எலுமிச்சைக்கு இலை சிறுத்து, கணு நெருங்கி, திட்டு மஞ்சள் வந்தா துத்தநாகக் குறை. காரணம் அதே பிஎச்தான், கூடவே பழைய உரத்தோட மணிச்சத்து. ஜிங்க் சல்பேட் லிட்டருக்கு 5 கிராம், அதோட 2.5 கிராம் நீற்றின சுண்ணாம்பைத் தனியாக் கரைச்சு வடிகட்டிச் சேர்த்து, துளிர் விரியிற பருவத்தில் இலை இரண்டு பக்கமும் நனையத் தெளிங்க. சுண்ணாம்பு இலையைக் கருக விடாமக் காக்கிறதுக்கு, மண்ணில் கொட்டிடாதீங்க. இரும்புத் தெளிப்பும் இதுவும் ஒரே நாளில் வேண்டாம்.

ஆணைக்கட்டு_முள்ளுகத்திரி:

எலுமிச்சைக்கு அடியில தண்ணி தேங்குதா பாரு மா, தேங்குனா இன்னா தெளிச்சும் பிரயோஜனம் இல்ல. அப்பால, விரிஞ்சிபுரம் கேவிகேயில (வேளாண் அறிவியல் நிலையம்) ஒரு தபா போயி உங்க போர் தண்ணியப் பரிசோதனைக்கு எங்க குடுக்கணும்னு கேளு. பைகார்பனேட், சோடியம், கால்சியம், மக்னீசியம் நாலும் எழுதிக் குடுக்கச் சொல்லு. டிடிஎஸ் ஒண்ண வச்சிக்கினு எது எவ்ளோ கீதுன்னு சொல்ல முடியாது.

சத்துவாச்சாரி_பால்கனி:

தொட்டி அடியில் ஓட்டை இரண்டு அடைச்சிருந்தது அண்ணா, எடுத்து விட்டுட்டேன். எங்க அபார்ட்மென்ட்ல ஐப்பசி மழைக்கு மொட்டைமாடித் தண்ணியை டிரம்மில் பிடிக்கலாமான்னு கேட்டிருக்கேன். கீழ் வீட்டு அக்காவுக்கும் செம்பருத்தி இதே மாதிரி வெளுக்குதாம், அவங்க தண்ணியும் அதே போர்தான். தண்ணி ரிசல்ட் வந்ததும் இங்கே போடுறேன், அளவு பார்த்துச் சொல்லுங்க.